அடிப்பக்கம் பார்த்து வாங்கு, பாபு

அன்பு மகன் பாபுவுக்கு அம்மா எழுதுவது.

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா கஸ்தூரியின் பெரியவனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்துவிட்டது. நம் குப்பத்திலிருந்து மிஷின் படிப்புக்குப் போகிற முதல் பிள்ளை இவன்தான் என்று ஐஸ் கொட்டகையில் நான் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. அவள் மகள் பொன்னேரியில் நடந்த ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து ஒரு கிண்ணம் வாங்கி வந்தாள். அதில்தான் இப்போது சாமிக்கு விபூதி வைத்திருக்கிறேன். கடைக்குட்டி ஒன்றாம் வகுப்பிலேயே பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டாமல் படிக்கிறான். உன் மகள் செல்வி பள்ளிக்கூட மேடையில் நடுங்காமல் நின்று இங்கிலீஷில் பேசிப் பரிசு வாங்கினாள் என்று நீ எழுதியதைப் படித்த அன்று, ஒரு வேலையும் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போய்ப் போய் வந்தேன். "இன்னா ஆயா, சும்மா சும்மா வர்ற?" என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான். கேட்டார்கள். சொன்னேன். ஐந்தாவதோடு சிலேட்டைக் கீழே வைத்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்போது உன் கார் விஷயத்துக்கு வருகிறேன். ஓசூரில் ஒருவர் விற்கிறார், நாலு கதவு வண்டி, பந்தயப் பிரியர் வைத்திருந்தது, இஞ்சினைக் கூடுதல் வேகத்துக்கு மாற்றியிருக்கிறார், கீழே தாழ்ந்து நிற்கும், பார்க்க அழகு என்றெல்லாம் எழுதியிருந்தாய். உன் நைனாவுக்கு நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். ஆனால் கடைசியில் இருந்த ஒரு வரியை மட்டும் படிக்காமல் தாண்டிவிட்டேன். "அண்ணன் மாதிரி வேகமாய் ஓட்ட மாட்டேன் அம்மா, பயப்படாதே" என்ற வரி. நைனா முழுக்கக் கேட்டுவிட்டு, "வாங்கறதுக்கு மின்னாடி நான் வந்து பாக்கணும்னு எழுது" என்றார். அவர் கஸ்தூரியின் பெரியவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வரப்போகிறார். அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும். நீ மட்டும் படி.

உன் அண்ணன் கன்னியப்பன் அந்த வண்டியை வாங்கியபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய், அதனால் பாதிக் கதைதான் உனக்குத் தெரியும். நம் பழவேற்காடு ஏரி இறாலுக்கு வெளிநாட்டு விலை வந்த சமயம் அது. இறால் ஒரு பொழுது தாமதித்தால் தலை கறுத்துவிடும், கறுத்தால் மெட்ராஸ் குளிர்கொட்டகையில் கழித்துத் தள்ளுவார்கள். லாரி வரும்வரை காத்திருந்து நம் குப்பத்துச் சரக்கு தினமும் கறுத்துக்கொண்டிருந்தது. உன் அண்ணனோ சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்தால் கருவாட்டு மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறவன். அங்கே ஓடிய கார் ஒன்றை அதன் சொந்தக்காரர் விற்கிறார் என்று தெரிந்ததும் வாங்கியே தீர வேண்டும் என்று ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டான். "பின் சீட்ட கழட்டிட்டா கூடை கூடையா ஏத்தலாம்மா. லாரிக்காரன் மீஞ்சூர் தாண்டறதுக்குள்ள நான் ராயபுரத்துல டீ குடிச்சிகினு இருப்பேன்." அவன் ஆசைக்காகச் சொன்னானா, வியாபாரத்துக்காகச் சொன்னானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்.

வண்டி வந்த அன்று குப்பமே கூடிவிட்டது. ஆகாய நீலத்தில், பக்கவாட்டில் வெள்ளைக் கோடு போட்டு, ஏரியில் தலையைக் குனிந்து இரை தேடும் நாரை மாதிரி முன்பக்கம் தாழ்ந்து நின்றது. பக்கத்து வீட்டுத் தேசப்பன் மாமா அதைச் சுற்றி வந்து, "இன்னாடா கன்னி, நாலு கதவு வச்சிகிறான், துடுப்பு போட எடத்த காணோமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. பழைய படகு வாங்கினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், மோந்து பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்ப் பக்கெட்டை எடுத்து வந்தார். பழைய படகைக் கரையில் ஏற்றி உள்ளே தண்ணீர் ஊற்றி, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துத்தானே நம்மவர்கள் வாங்குவார்கள்? அதைத்தான் செய்யப் போனார்.

"நைனா! இது காரு நைனா!" என்று உன் அண்ணன் குறுக்கே பாய்ந்தான்.

"காருன்னா? அடி இருக்குதில்ல? தண்ணி ஊத்திப் பாக்காத எதையும் நான் வூட்டாண்ட சேத்ததில்ல."

ஊற்றினார். கதவுகளின் கீழிருந்து, பக்கவாட்டில் நீளமாக ஓடும் இரும்புக் குழல்களிலிருந்து, தரையிலிருந்து, சல்லடை மாதிரி ஊற்றிக்கொண்டு வந்தது. தேசப்பன் மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஓட்ட வண்டிய உன் தலையில கட்டிட்டான்டா மெட்ராஸ்காரன்" என்றார் நைனா. உன் அண்ணனுக்கும் முகம் தொங்கிவிட்டது. அவனுக்கு இஞ்சின் தெரியும், சக்கரம் தெரியும். அடியில் இருக்கிற ஓட்டையைப் பற்றி அவன் என்றைக்கு யோசித்தான்? அவனும் படகுக்காரன் மகன்தானே. அடியில் ஓட்டை என்றால் அடைக்க வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆகவே அப்பனும் மகனும் சேர்ந்து அடைத்தார்கள். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, பஞ்சைத் தோய்த்து, படகுப் பலகைச் சந்தில் கலப்பத்து அடிக்கும் அதே உளியால் ஒவ்வொரு ஓட்டையிலும் இறுக்கி, மேலே தாரும் பூசினார்கள். உன் அண்ணன் பஞ்சைத் திரித்துத் திரித்துக் கொடுக்க, மணலில் மல்லாந்து படுத்திருந்த நைனா வண்டிக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் அப்படிச் சேர்ந்து சிரித்துப் பேசி வேலை செய்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகு மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். சொட்டுகூட வெளியே வரவில்லை. "இப்பதான்டா வண்டி! உட்டா முகத்துவாரம் தாண்டி கடலுக்கே பூடும்" என்று தேசப்பன் மாமா விசிலடித்தார். நைனா தார்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அப்படி ஒரு பெருமை.

இரண்டு மழைக்காலம் நல்லபடியாகத்தான் ஓடியது. ஒரு நாள் பொன்னேரி வரைக்கும் என்னையும் உட்காரவைத்துப் போனான். முந்தானை ஜன்னலுக்கு வெளியே கொடி மாதிரி படபடத்தது. "இன்னாம்மா, பயமாக்குதா?" என்றான். "உங்க நைனா வாடக்காத்துல படகுக்குப் பாய் எடுத்தார்னா இத்தவிட வேகமா போவாரு, நீ ரோட்ட பாரு" என்றேன். பயந்துதான் இருந்தேன். ஆனால் அவன் சிரிப்பதைக் கேட்க வேண்டியிருந்தது. பின்னால் கூடைகளில் ஐஸ் உருகி, உப்பும் இறால் நீரும் கலந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. சொட்டுகூட வெளியே போகவில்லை.

அந்த நாளைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. அனுப்பம்பட்டுக்கு முன்னால் வயல் நடுவே ஒரு மதகு இருக்கிறதே, அங்கே, பட்டப்பகலில். வண்டி மதகின் சுவரில் மோதி வாய்க்காலுக்குள் கிடந்தது. செய்தி வந்து சேர்வதற்கு முன்னாலேயே காரணமும் வந்து சேர்ந்துவிட்டது. பந்தயக் கார், வயசுப் பையன், வேகம். போலீஸ் சொன்னது, கடைத்தெரு சொன்னது, துக்கம் கேட்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். உன்னை ஹாஸ்டலிலிருந்து அழைத்துவரப் போனவரும் வழியெல்லாம் அதையே சொல்லித்தான் கூட்டிவந்திருக்கிறார். நீயும் அதையே நம்பினாய்.

ஆனால் கருமாதி அன்று நெல் வண்டி ஓட்டும் ஒரு விவசாயி வந்தார். நம்மவர்கள் யாருக்கும் தெரியாதவர். வாசலிலேயே நின்றார். "அம்மா, நான் அங்க இருந்தேன். உம் புள்ள வேகமா போவல. என் மாடு மெரளுதுன்னு எனக்கு வழி வுட்டு, மெல்லமாத்தான் ஒதுங்கனாரு. மதகு மேல ஏறச்சொல்ல பின்சக்கரம் அப்படியே உள்ள மடங்கிட்ச்சி. உனக்கு யாரும் வேற மாதிரி சொல்லிடப் போறாங்கன்னுதான் வந்தேன்" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்போது நைனா ஏரிக்கரையில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

நொறுங்கின வண்டியை லாரியில் ஏற்றி வந்து பழவேற்காட்டில் மெக்கானிக் காதர் பாய் கொட்டகையில் போட்டிருந்தார்கள். நைனா முதலில் போய்ப் பார்த்தார். குனிந்து அடிப்பக்கத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு எழுந்து, நேரே ஏரிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டிருந்தார் என்றார்கள். துக்கத்தில் இருக்கிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நான் போனேன். அந்த விவசாயி சொன்னதைச் சொல்லி, சக்கரம் எப்படி மடங்கும் என்று கேட்டேன். பாய் என்னை வண்டியின் பின்பக்கம் கூட்டிப்போனார். பிறகு ஒரு கம்பியால் குத்திக் காட்டினார். பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"கதவுலயும் ஜன்னல்லயும் உள்ள போற தண்ணி வெளிய போறதுக்குன்னு கம்பெனிக்காரனே வேணும்னு வுட்ட ஓட்டைங்கம்மா இது. அத்தப் போயி யாரோ படகு மாதிரி அடைச்சிகிறாங்க. ஐஸ் தண்ணி, உப்பு, எல்லாம் உள்ளுக்குள்ளயே நின்னு இரும்ப தின்னுட்ச்சி. மேல தார் இருந்ததால ஒண்ணும் தெரியல."

"யாரோன்றீங்களே பாய், யாருன்னு தெரியாதா?"

"தெரியும்மா. அதனாலதான் யாரோன்னேன்."

நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன், பாபு. வேகத்தால் செத்தான் என்று ஊர் சொன்னால், செத்தவன் மேல் ஒரு சொல், அவ்வளவுதான். இல்லை என்று நான் வாய் திறந்தால், வீட்டில் உயிரோடு உட்கார்ந்திருக்கிற மனுஷன் என்ன ஆவார்? ஒருவனைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலையில் உயிரோடு இருந்தவரைக் காப்பாற்றினேன். சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை. ஆனால் நீயும் உன் கையால், "அண்ணன் மாதிரி வேகமாய்" என்று எழுதிய பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உன் அண்ணன் ஒரு மாட்டுக்கு வழிவிட்டு மெதுவாகப் போனான். அதை நம் வீட்டில் உனக்காவது தெரிய வேண்டும்.

கார் வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன். பார்த்து வாங்கு. அதன் பிறகு நான் காதர் பாய் கொட்டகைக்குப் போகும்போதெல்லாம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். மீன்காரி எதற்கு இதையெல்லாம் கேட்கிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. காலையில், வண்டி ஆறிக் கிடக்கும்போது போ. நீ போவதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், ஆறின இஞ்சினில் எதையோ மறைக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடு. ஸ்டார்ட் செய்ததும் பின்னால் போய் நின்று புகையைப் பார். நீலமாக வந்துகொண்டே இருந்தால் ஆயிலைக் குடிக்கிற இஞ்சின். பந்தயத்தில் ஓடிய வண்டிக்கு இஞ்சினைப் புதிதாக்கியிருப்பார்கள், உடம்பு கிழடாக இருக்கும். அதனால் இஞ்சினைக் காட்டிக் காட்டிப் பேசுகிறவனிடம் தலையாட்டிவிட்டு நீ உடம்பைப் பார். வெயில் சாய்வாக விழும்போது பக்கவாட்டில் நின்று பெயிண்ட்டைக் கவனி. ஏரி மாதிரி அலை தெரிந்தால் அடிபட்டுப் பூசியது. ஒரு சின்ன காந்தம் கொண்டுபோ, ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பள்ளத்தை நிரப்பிப் பூசிய பட்டிதான் இருக்கிறது. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் கோணல், அல்லது அதைத் தாங்குகிற இடமே கோணல்.

நான் மீன் வாங்கும்போது செதிளின் பளபளப்பைப் பார்க்கவே மாட்டேன், செவுளைத் தூக்கித்தான் பார்ப்பேன், உனக்குத் தெரியும். காருக்குச் செவுள் அதன் கால்மிதிதான். தூக்கிப் பார். கட்டைவிரலால் அழுத்து. ஈரவாடை அடித்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அடிப்பக்கத்தில் புதிதாகத் தார் பூசி மினுக்கினால் எதற்குப் பூசினாய் என்று கேள். பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தைக் கம்பியால் குத்திப் பார்க்க விடாதவனிடம் வாங்காதே. ஜன்னல்களை ஏற்றிவிட்டு, பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டு, மோசமான ரோட்டில் ஓட்டிக் காதால் கேள். பிரேக் போடும்போது கையைக் கொஞ்சம் தளர்த்து, எந்தப் பக்கமாவது இழுக்கிறதா என்று தெரியும். கடைசியாக, ஏன் விற்கிறாய் என்று அந்த மனுஷனைக் கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காதே, அவர் வீட்டுக்காரி முகத்தைப் பார்.

இனி நைனா விஷயம். அவர் அங்கே வந்தால் தட்டிப் பார்ப்பார், தண்ணீர் ஊற்றக்கூடச் சொல்வார். ஓட்டையைக் கண்டால் அடைக்கச் சொல்வார். நீ படித்தவன், சிரித்துவிடாதே. விளக்கம் சொல்லிவிடாதே. அவர் அடைக்கட்டும், நீ பஞ்சைத் திரித்துக் கொடு. அவரை ரயிலேற்றிவிட்டு வந்து எல்லாவற்றையும் திறந்துவிடு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

நேற்று இவ்வளவோடு நிறுத்தி மடித்து வைத்திருந்தேன். இன்று காலை உனக்குக் கொடுத்தனுப்பக் கொஞ்சம் சென்னாக்குன்னிக் கருவாட்டை நைனாவின் பையில் வைக்கப் போனேன். உள்ளே குங்கிலியமும் பஞ்சும் இருக்கும் என்றுதான் பிரித்தேன். வேட்டி, டார்ச் லைட், கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய கோணி. கோணிக்குள் துணி சுற்றி, ஒரு சைக்கிள் சக்கரத்துக் கம்பி. நுனியைக் கல்லில் தீட்டிக் கூராக்கி வைத்திருந்தார்.

"இது இன்னாத்துக்கு?" என்று கேட்டேன்.

அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அடியில சின்னச் சின்ன ஓட்டைங்க இருக்கும். மண்ணு அடைச்சிகினு இருக்கும். குத்தி வுடணும். தண்ணி வெளிய போவணும்ல."

"ஆமா" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

கண் தெரியவில்லை என்று சொல்லி, உன் அண்ணன் போன அந்த வருஷமே கலப்பத்து உளியைத் தேசப்பன் மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு படகையும் அடைத்ததில்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலமாக எனக்கு எதிரில் உட்கார்ந்து இறால் வலை பின்னுகிறார். நூல் கோக்க ஒரு நாளும் யாரையும் கூப்பிட்டதில்லை. இதை நான் இன்றைக்குத்தான் யோசித்தேன். அவருக்குத் தெரியக் கூடாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்ததை, எனக்குத் தெரியக் கூடாது என்று அவரும் பொத்தி வைத்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு.

ஆகவே மேலே நைனாவைப் பற்றி நான் சொன்னதை அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். அவர் அடியில் படுத்துக் கம்பியால் குத்தும்போது நீ டார்ச்சைப் பிடி. வேறு ஒன்றும் கேட்காதே. அண்ணன் பேச்சை அவராக எடுத்தால் கேட்டுக்கொள். எடுக்காவிட்டால், தூசி தட்டிவிட்டு வயிறார சோறு போடு.

ஒரே ஒரு விண்ணப்பம். உன் அண்ணன் அந்த நீல வண்டியோடு நின்று எடுத்த, சுவரில் இருக்கும் போட்டோவை உப்புக்காற்று ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்துவிட்டது. வண்டி இருந்த பக்கம் முழுக்க வெளுத்துவிட்டது. பானெட்டின் மேல் வைத்திருந்த அவன் கை இப்போது ஒன்றுமே இல்லாத இடத்தில் நிற்கிறது. நைனா தினமும் அதற்குக் கீழேதான் உட்காருகிறார். அதனால் ஒரு புதுப் போட்டோ வேண்டும். நீ, மருமகள், செல்வி, எல்லோரும் வண்டிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நைனாவை முன்சீட்டில் உட்காரவை, கதவு திறந்தே இருக்கட்டும், அவர் முகம் தெரிய வேண்டும். அவர் ஊர் திரும்புவதற்கு முன்னால் நான் அதை அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கிற மாதிரி, மறக்காமல் தபாலில் போட்டுவிடு.